வேண்டியவர்களுக்குப் போட்ட குழாய்

எத்தனால் கலந்த பெட்ரோல் நல்லதா கெட்டதா என்று மூக்கண்ணனிடம் யாராவது வாயைக் கொடுத்தால், அன்றைக்கு அவர்கள் வண்டி சீக்கிரம் கைக்கு வராது. கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார். அலமாரியிலிருந்து கோடு போட்ட கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுப்பார். முதல் கோடு வரைக்கும் தண்ணீர். அதற்கு மேல், வந்தவரின் வண்டியிலிருந்தே எடுத்த பெட்ரோல். மூடியை இறுக்கிக் குலுக்கி பெஞ்சின் மேல் வைப்பார். கொஞ்ச நேரத்தில் இரண்டும் பிரிந்து நிற்கும். ஆனால் அடியிலிருந்த தண்ணீர் தன் கோட்டைத் தாண்டி மேலே ஏறியிருக்கும். பெட்ரோலுக்குள் இருந்த எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிட்டது என்று அதற்கு விளக்கம் சொல்வார். "தண்ணியைப் பாத்ததும் கூட இருந்தவனை விட்டுட்டு ஓடிருச்சு பாருங்க. இதை நம்பித்தான் நீங்க வண்டி ஓட்டுறீங்க" என்று முடிப்பார். வந்தவர் எதற்காக வந்தோம் என்பதையே மறந்திருப்பார்.

மூக்கண்ணன் என்பது டாக்ஸிக்காரர்கள் வைத்த பெயர். அவருடைய மூக்கும் கொஞ்சம் தாராளமானதுதான். பானட்டைத் திறப்பதற்கு முன்பே ஆயில் எரிகிறதா, கிளட்ச் தேய்கிறதா, வயர் கருகுகிறதா என்று மோந்து சொல்லிவிடுவார். மூக்குக்கு மேல் கோபம் வருகிற மனிதர். ஆனால் அவ்வளவு பெரிய மூக்கைக் கோபம் ஏறிக் கடப்பதற்குள் ஆள் தப்பித்துவிடலாம் என்பது ஸ்டாண்டில் பழைய கிண்டல். டாக்ஸி ஸ்டாண்டுக்கு எதிரே அவருடைய மெக்கானிக் ஷெட் முப்பது வருடமாக இருக்கிறது. அவர் கை வைத்த வண்டியை அந்த வட்டாரத்தில் இன்னொருவர் திறந்து பார்க்க மாட்டார்.

அவர் சொன்னது பொய்யும் இல்லை. மழைக்காலம் முழுக்க ஓடாமல் நின்ற கார்களின் டாங்கில் துரு பிடித்திருப்பதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். பழைய வண்டிகளின் கார்பரேட்டருக்குள் ரப்பர் வாஷர்கள் ஊறி உப்பி, விரல் பட்டால் பிய்ந்து வந்திருக்கின்றன. முன்பு கொடுத்த மைலேஜ் இப்போது இல்லை என்று ஸ்டாண்டில் எல்லோரும் புலம்பினார்கள். அவர் பேச்சில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசியில்தான் பிறகு தீப்பிடித்தது.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மாப்பிள்ளை, மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் தயாரிக்கும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சம்பந்தம் பேசும்போது, பையன் சாராயம் காய்ச்சுகிற இடத்தில் வேலை பார்க்கிறான் என்று யாரோ கொளுத்திப் போட்டார்கள். குடிப்பதற்கு இல்லை, காரில் ஊற்றுவதற்குத்தான் என்று தரகர் சமாதானம் சொன்னார். குடிப்பதற்கு என்றால்கூடத் தேவலை என்று மூக்கண்ணனுக்குத் தோன்றியது. இருந்தாலும் மகளுக்குப் பிடித்திருந்தது, கல்யாணம் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் குடும்பத்தோடு சாப்பிட வந்தால் மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் இடையில் பரிமாறப்படுவது எத்தனால்தான். மாப்பிள்ளை குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். எத்தனால் கலந்தால் கரி குறைவு, எஞ்சின் இடிப்பது குறைவு, வெளிநாட்டிலிருந்து வாங்கும் எண்ணெயும் குறைவு என்பார். தொழிற்சாலை வருவதற்கு முன்னால் சுற்றுவட்டாரத்து மக்காச்சோளம் வாங்க ஆளில்லாமல் சாலையோரத்தில் குவிந்து முளைவிட்டுக் கிடந்ததையும், இப்போது அறுத்த வாரமே லாரி வந்து நிற்பதையும் சொல்வார். தின்கிற சோளத்தை டாங்கில் ஊற்றினால் நாளைக்குத் தட்டில் எதைப் போடுவது என்று மூக்கண்ணன் மடக்குவார். அந்தக் கேள்வி நியாயமானது என்று மாப்பிள்ளையும் ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொள்கிற ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது என்று மூக்கண்ணனுக்கு இன்னும் எரிச்சல் வரும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மாப்பிள்ளை விட்டுக்கொடுக்கவில்லை. "பழைய வண்டிக்கு நீங்க சொல்றது சரி மாமா. புது வண்டியில அதுக்குன்னே பைப்பு, வாஷர் எல்லாம் வேற மாதிரி செஞ்சு தர்றாங்க. அதுல மட்டும் கை வச்சுடாதீங்க" என்று ஒருமுறை சொன்னார். எனக்கே பைப்பைப் பற்றிச் சொல்லித் தருகிறாரா என்று மூக்கண்ணன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

புது வண்டிகளில் பெட்ரோல் எஞ்சினுக்குப் போகும் குழாய் மெல்லியது. பேனா ரீஃபிலைவிடக் கொஞ்சம்தான் தடிமன், விறைப்பான பிளாஸ்டிக். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிற்றெரிச்சல். கம்பெனிக்காரன் காசை மிச்சம் பிடிக்க இதை மாட்டி ஊரை ஏமாற்றுகிறான் என்று நம்பினார். அவரிடம் ஒரு சுருள் கறுப்பு ரப்பர் குழாய் இருந்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு கடை மூடப்பட்டபோது எடுத்து வைத்தது; கட்டை விரல் தடிமன். அந்தக் காலத்தில் அதை மாட்டிய வண்டி எதுவும் ஒழுகித் திரும்பி வந்ததில்லை. ரப்பர் வாஷரையே ஊற வைக்கும் எத்தனால் இந்த ரீஃபிலை என்னதான் செய்யாது, கட்டை விரல் தடிமன் என்றால் தாங்கும் என்று கணக்குப் போட்டார். கம்பெனிக் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டுத் தன் கறுப்புக் குழாயை மாட்டி இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்க ஆரம்பித்தார்.

எல்லோருக்கும் இல்லை. சுருள் சின்னது, அதுபோல் இனி கிடைக்காது. மனசுக்கு வேண்டியவர்களுக்கு மட்டும்தான். கேட்காமலேயே மாற்றிவிடுவார், காசும் வாங்க மாட்டார். பானட்டை மூடிவிட்டு, "உனக்குங்கிறதால செஞ்சேன், வெளியில சொல்லாதே" என்பார். அந்தக் குழாய் யாருக்குக் கிடைத்தது என்பது ஸ்டாண்டில் ஒரு பெருமையாகவே ஆகிவிட்டது.

அப்படிக் கிடைத்தவர்களில் ஒருவன் நிதானம். ஸ்டாண்டிலேயே மெதுவாக ஓட்டுகிறவன் என்பதால் அந்தப் பெயர். ரயிலைப் பிடிக்கிறவர்கள் அவனைக் கூப்பிட மாட்டார்கள். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் அவனைத் தவிர வேறு யாரையும் கூப்பிட மாட்டார்கள். காலையில் வண்டி எடுக்கும் முன் ஷெட்டுக்கு வந்து, "அண்ணே, கிளம்பறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவான். மூக்கண்ணனுக்குத் தம்பி இல்லை. இருந்திருந்தால் இவனைப் போல இருந்திருப்பான் என்று அவர் தன் மனைவியிடம் சொன்னதுண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பாலத்தின் இறக்கத்தில் நிதானத்தின் வண்டிக்குள் பெட்ரோல் நெடி வந்தது. ஓரம் கட்டினான். பின் சீட்டில் இருந்த பெரியவரைக் கைத்தாங்கலாக இறக்கி, பத்தடி தள்ளி நிறுத்திவிட்டு வந்தான். பிறகு பானட்டைத் தூக்கினான். காற்று பட்டதும் உள்ளே குப்பென்று பற்றியது. இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் வெந்துவிட்டன. முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கண் தப்பியது.

மறுநாள் கரிந்த வண்டியை இழுத்துவந்து ஷெட் வாசலில் நிறுத்தினார்கள். டாக்ஸிச் சங்கத்தின் செயலாளர் கூடவே வந்தார். எத்தனாலால்தான் தீப்பிடித்தது என்று மனு தயாராகிறது, சங்கம் மொத்தமும் போய்க் கொடுக்கப்போகிறது, அந்தத் தொழிற்சாலையின் மேல் விசாரணை வைக்கச் சொல்லப்போகிறார்கள் என்றார். நிபுணர் என்று மூக்கண்ணனின் கையெழுத்து வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். வருடக்கணக்காக நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தது கடைசியில் நடந்துவிட்டது பாருங்கள் என்று சொல்லும்போது செயலாளரின் குரலில் கொஞ்சம் வெற்றிகூட இருந்தது.

அவர் போனபின் மூக்கண்ணன் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தார். எஞ்சினின் பின்பக்கம், நெருப்பு முழுசாகத் தின்னாத ஓர் இடுக்கில், கிளிப்போடு சேர்ந்து நாலு விரல் நீளத்துக்குக் கறுப்புக் குழாய் மிச்சம் இருந்தது. தொட்டார். கெட்டியாக இருக்க வேண்டிய ரப்பர் நனைந்த ரொட்டி போல அமுங்கியது. உள்பக்கம் உப்பி, கிளிப் கடித்த இடத்தில் நீளவாக்கில் பிளந்திருந்தது. அவர் இறுக்கிய கிளிப். அவர் சுருளிலிருந்து வெட்டிய குழாய்.

சுற்றிலும் பார்த்தார், யாரும் இல்லை. மிச்சத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றும் மறுநாளும் அவர் தனக்குள் சொல்லிக்கொண்ட சமாதானங்களுக்குக் குறைவில்லை. அந்தக் குழாயை ஊற வைத்தது எத்தனால்தானே? எத்தனால் இல்லாவிட்டால் அது இன்னும் இருபது வருடம் உழைத்திருக்குமே? அப்படியென்றால் மனுவில் இருப்பது பொய் இல்லையே? இதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கம்பெனிக் குழாயைக் கழற்றி எறிந்த கை யாருடையது என்ற இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு முறையும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மகள் போன் செய்து, மனுப் பேச்சு காதில் விழுந்ததுமே தொழிற்சாலையில் எல்லோரையும் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள், தன் கணவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றாள். "ம்" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் குழாய் மாட்டிய மற்ற வண்டிகளைப் பற்றி அவர் நினைக்காமல் இல்லை. நினைப்பு வந்தது, அதை உள்ளே விடவில்லை. அந்த இரண்டு நாட்களுக்காக அவரை மன்னிப்பது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை மதியம் மகள் தன் காரில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நாலு வயதுப் பேத்தி பின் சீட்டில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டு வந்தது. வார்டுக்குள் குழந்தையை விட மாட்டார்கள் என்பதால் மகளும் பேத்தியும் கீழேயே இருந்துவிட்டார்கள்.

நிதானத்தின் கைகள் இரண்டும் தலையணை போலக் கட்டுப் போட்டுத் தூக்கி வைக்கப்பட்டிருந்தன. அவன் மனைவி எழுந்து, இருந்த ஒரே நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள். விரல்கள் மடங்குமா என்பது கட்டுப் பிரித்த பிறகுதான் தெரியும் என்று டாக்டர் சொன்னாராம். ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்பது அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நீங்க அத்தனை தடவை சொன்னீங்களே அண்ணே, அந்தப் பெட்ரோலு ஆகாதுன்னு. வேற வழி இல்லாம ஊத்தினேன்" என்றான் நிதானம்.

அவள் குறுக்கிட்டாள். "இவரு சொல்லிக்கிட்டே இருக்காருண்ணே. நீங்க அந்தப் பைப்பை மட்டும் மாத்திக் கொடுக்கலைன்னா இந்த வண்டி எப்பவோ எரிஞ்சிருக்கும், ஆளே இருந்திருக்க மாட்டேன்னு. உங்களைத்தான் நினைச்சுக்கறோம்."

மூக்கண்ணனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. குழாய்த் துண்டு அங்கேதான் இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். உடம்பைப் பார்த்துக்கொள் என்றுதான் வந்தது. அந்த நாற்காலியில் அதற்கு மேல் உட்கார முடியாமல் எழுந்து வந்துவிட்டார்.

திரும்பும் வழியில் சிக்னலில் கார் நின்றது. மகள் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். மூக்கண்ணன் தலையை நிமிர்த்தினார். மெலிதாக, வேறு யாருக்கும் தெரியாத அளவுக்கு, பெட்ரோல் நெடி.

"ஓரமா நிறுத்து. எஞ்சினை ஆஃப் பண்ணு" என்றார். ஏன் என்று அவள் கேட்க, அவர் பதில் சொல்லாமல் இறங்கிப் பின் கதவைத் திறந்து பேத்தியைத் தூக்கிக்கொண்டார். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் மகளின் மணிக்கட்டு. தெருவின் அடுத்த முனையில் ஒரு தபால் நிலையத்தின் சுவர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். பானட்டைத் திறக்கவில்லை. அரை மணி நேரம் எஞ்சின் ஆறும்வரை அவர்களை அந்தச் சுவரோரமே நிற்க வைத்தார். குழந்தை தண்ணீர் கேட்டது.

பிறகு தனியாகப் போய் பானட்டைத் தூக்கினார். கறுப்புக் குழாயின் மேல் வியர்வை போலத் துளித் துளியாகப் பெட்ரோல் கசிந்து நின்றது. இன்னும் பிளக்கவில்லை. நாளைக்கோ அடுத்த வாரமோ பிளந்திருக்கும். போன வருடம் மகளின் பிறந்தநாள் அன்று, அவள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவளுக்குத் தெரியாமல் மாட்டியது.

மகள் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் பையிலிருந்த துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னார்.

"எத்தனை வண்டிப்பா?" என்றாள் கடைசியில்.

"உன்னோடதையும் நிதானத்தோடதையும் சேத்துப் பதினாலு."

"யார் யாரு?"

அவர் ஒவ்வொருவராகச் சொன்னார். யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சம்பந்தி. மனைவியின் தங்கை. அவருக்குக் கண் ஆபரேஷன் செய்த டாக்டரம்மா. மகள் படித்த பள்ளிக்கூடத்தின் வேன் டிரைவர். வாடகை பாக்கியிருந்த காலத்தில் ஷெட்டைக் காலி செய்யச் சொல்லாத வீட்டுக்காரர். சொல்லச் சொல்லத்தான் அவருக்கே உறைத்தது. ஷெட் வாசலில் பேர் தெரியாமல் வந்து போன நூற்றுக்கணக்கான வண்டிகளில் கம்பெனிக் குழாய் அப்படியே இருக்கிறது. அவையெல்லாம் பத்திரமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவர் யார் யாருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று நினைத்தாரோ அந்தப் பதினாலு பேர்தான் தீயின் மேல் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மகள் போனை எடுத்து அவர் கையில் வைத்தாள். தபால் நிலையத்தின் சுவரோரம் நின்றே ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். வண்டியை எடுக்காதே, இருக்கிற இடத்திலேயே நிற்கட்டும், நான் வருகிறேன், தப்பு என் மேல் என்றார். பள்ளி வேன் டிரைவர் மட்டும் போனை எடுக்கவில்லை. நாலு முறை அடித்தும் எடுக்கவில்லை. ஐந்தாவது முறை எடுத்து, பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தேன், வண்டி ஓட்டும்போது போனைத் தொட மாட்டேன் என்றார். இனி யாரையும் ஏற்ற வேண்டாம் என்று மூக்கண்ணன் இரண்டு முறை சொன்னார்.

கடைசியாக மாப்பிள்ளை. குழந்தையும் அவளும் எங்கே என்று கேட்டார். தன்னோடு இருக்கிறார்கள் என்றார் மூக்கண்ணன். "வர்றேன் மாமா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். வந்தபோது கையில் கம்பெனிக் குழாய்கள் ஒரு பை நிறைய இருந்தன; வழியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கியிருக்கிறார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லியிருந்தால் மூக்கண்ணனுக்கு எவ்வளவோ இலேசாக இருந்திருக்கும்.

பொழுது சாய்வதற்குள் ஒன்பது வண்டிகள், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் மீதி நாலு. மாமனார் குழாயைக் கழற்ற, மாப்பிள்ளை டார்ச் பிடித்தார். அந்த மெல்லிய ரீஃபில் குழாயை மூக்கண்ணன் தன் கையால் பதிமூன்று முறை மாட்டினார். சங்கச் செயலாளர் மனுவோடு வந்தபோது, அதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். பழைய வண்டிகளுக்கு எத்தனால் ஆகாது என்பதை இப்போதும் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன், ஆனால் நிதானத்தின் வண்டியை எரித்தது நான் என்று எழுதிக் கொடுத்தார். செயலாளர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, மடித்து எடுத்துக்கொண்டு போனார். எதிரே ஸ்டாண்டில் நின்றவர்கள் ஷெட்டைப் பார்ப்பதும் முகத்தைத் திருப்புவதுமாக இருந்தார்கள். எத்தனை வண்டிகள் இனி இந்தப் பக்கம் வரும் என்று அவருக்குத் தெரியவில்லை.

பதினாலாவது ஆளைப் போனில் கூப்பிட்டுச் சொல்ல முடியாது. பார்வையாளர் நேரம் தொடங்கியதும் வார்டுக்குள் போனார். நிதானத்தின் மனைவி மறுபடியும் நாற்காலியிலிருந்து எழுந்தாள். வேண்டாம் என்று சைகை காட்டி நின்றுகொண்டார். குழாய்த் துண்டைப் படுக்கையின் மேல், அவன் பார்க்கிற மாதிரி வைத்தார்.

"பெட்ரோல் இல்ல தம்பி. உன் கையை வேக வச்சது இதுதான். நான் போட்டது."

எப்படி என்று சுருக்கமாகச் சொன்னார். நல்ல குழாயைக் கழற்றிவிட்டு ஆகாததை மாட்டியதையும், புதன்கிழமையே தெரிந்தும் வியாழக்கிழமை இதே நாற்காலியில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு போனதையும் மறைக்கவில்லை. அவள் துண்டை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நிதானம் அந்தத் துண்டையே பார்த்தான். பிறகு, ஸ்டாண்டில் இருக்கிற மற்ற வண்டிகளுக்கெல்லாம் ஏன் மாற்றவில்லை என்று கேட்டான்.

"அவங்கெல்லாம் வெறும் வாடிக்கைக்காரங்கதானே தம்பி" என்றார் மூக்கண்ணன்.

அவன் கட்டுப் போட்டிருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தான்.

"என்னையும் வாடிக்கையாவே வச்சிருந்திருக்கலாமேண்ணே" என்றான்.

அவன் கோபமாகச் சொல்லவில்லை. எப்போதும்போல நிதானமாகத்தான் சொன்னான். மூக்கண்ணன், பார்வையாளர் நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொல்லும்வரை அந்தக் கட்டில் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.